பிர்ரியாவா, மோலே தே ஓயாவா, கால்தோ தே ரெஸ்ஸா: ஞாயிற்றுக்கிழமை எதை அடுப்பில் ஏற்றுவது?

மெக்சிகோ சிட்டியில் படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு கூப்பிட்டாள். "அத்தை, ஞாயித்துக்கிழமை ஆறு பேர் சாப்பிட வர்றாங்க. மாட்டுக்கறி பிர்ரியா செய்யலாம்னு இருக்கேன். அளவு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

நான் ஒன்பது வருடமாகக் குவாதலஹாராவில் இருக்கிறேன். பிர்ரியா பிறந்த ஹாலிஸ்கோ மாநிலத்தின் தலைநகரம் இது. அளவு சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் நான் அவளிடம் திருப்பிக் கேட்டது, "பிர்ரியாதான் வேணுமா கண்ணு?" என்றுதான். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். அன்று சொன்னதையும் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

மெக்சிகோவில் மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேகும் மாட்டுக்கறிக் குழம்புகள் நிறைய உண்டு. வீட்டு அடுப்புக்குத் தோதானவை என்று நான் நினைப்பது மூன்று. மிளகாய் விழுதில் ஊறி வேகும் பிர்ரியா, மிளகாய்ச் சாறும் காய்கறியும் சேர்ந்த மோலே தே ஓயா, மிளகாயே இல்லாத தெளிந்த சாறான கால்தோ தே ரெஸ். பார்பகோவா நிலத்தில் குழி வெட்டி, கற்றாழை மடல் போர்த்திச் செய்வது. அதை அடுக்குமாடி வீட்டில் யோசிக்க வேண்டாம். எங்கள் ஊரின் கார்னே என் சு ஹூகோ அருமையான உணவு, ஆனால் மெல்லிசாக வெட்டிய கறி சீக்கிரம் வெந்துவிடும். அது இந்தக் கணக்கில் வராது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை செய்பவர், எட்டுப் பேருக்குள் சமைப்பவர், மோலே தே ஓயா செய்யட்டும். பிர்ரியா கூட்டத்துக்கான சமையல். கால்தோ வார நாளுக்கு, அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது.

பிர்ரியாவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான். ஸ்பானிஷில் 'பிர்ரியா' என்றால் ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்று ஹாலிஸ்கோவின் கல்யாண விருந்துகளில் நடுநாயகமாக இருக்கிறது. மூலத்தில் அது வெள்ளாட்டுக் கறி. எங்கள் ஊரில் நுவேவே எஸ்கீனாஸ் என்று ஒரு பழைய பகுதி இருக்கிறது, 'ஒன்பது மூலைகள்' என்று பொருள். பிர்ரியாவுக்குப் பேர் போன இடம். அங்கே போய் பிர்ரியா என்று கேட்டால் வெள்ளாட்டுக் கறியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மாட்டுக்கறி பிர்ரியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வடமேற்கில், அமெரிக்க எல்லையை ஒட்டிய திஹுவானா. கறியை டாகோவில் (மடித்த தொர்த்தீயா, அதாவது மெல்லிய மக்காச்சோள ரொட்டி) வைத்து, குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றித் தரும் பழக்கம் அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய், பிறகு கைபேசித் திரைகளில் உலகம் சுற்றியது. பாலாடைக்கட்டி உருகி ஒழுகும் அந்தச் சிவந்த டாகோவுக்குக் கேசபிர்ரியா என்று பெயர். என் அண்ணன் மகளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆசைப்பட்டாள்.

பிர்ரியாவுக்கு அரைக்கும் மசாலாவில் மிளகாயை எடுத்துவிட்டுப் பார்த்தால் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிதான் தெரியும். சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு. அந்தப் பட்டை கூட நமக்குப் பக்கத்து மரம். மெக்சிகோ வீடுகளில் 'கனேலா' என்று விற்பது இலங்கைப் பட்டை. தாள் தாளாகச் சுருண்டு, கையாலேயே நொறுக்கலாம். இலங்கைப் பட்டையை உலகிலேயே அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் இருக்கிறது.

மிளகாயில்தான் நம் கணக்கு தப்பிப் போகும். நாம் மிளகாயைக் காரத்துக்காக எண்ணிப் போடுகிறோம். இங்கே நிறத்துக்கும் சதைக்கும் மணத்துக்கும் போடுகிறார்கள். குவாஹியோ என்பது மிராசோல் மிளகாயின் காய்ந்த வடிவம், நீளமாக, வழுவழுப்பாக இருக்கும். ஆன்ச்சோ என்பது காய்ந்த பொப்லானோ; அகலமாக, சுருக்கம் விழுந்து, உலர்திராட்சை வாசனை அடிக்கும். ஆறேழு பேருக்கான பிர்ரியாவில் எட்டு குவாஹியோவும் நாலு ஆன்ச்சோவும் போட்டாலும் நாக்கு எரியாது. காரம் வேண்டுமென்றால் ஆர்போல் என்ற ஒல்லி மிளகாய் இரண்டு. 'எட்டு மிளகாயா!' என்று பயந்து பாதியைக் குறைத்தால் வெளிறிய, உடம்பில்லாத குழம்புதான் கிடைக்கும்.

மிளகாயை வாட்டும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காம்பைக் கிள்ளி, ஒரு பக்கம் கீறி, விதையைத் தட்டிவிட்டு, மிளகாயைப் புத்தகம் போல விரிக்க வேண்டும். கோமால் என்ற தட்டைக் கல்லில் (நம் தோசைக்கல் அச்சாக அதே வேலை செய்யும்) மிதமான சூட்டில் போட்டுக் கரண்டியால் அழுத்தினால் பத்து விநாடியில் தோல் லேசாகக் கொப்பளிக்கும், உள்பக்கத்தின் சிவப்பு புகையிலை நிறத்துக்கு மாறும், மூக்கில் இனிப்பான ஒரு மணம் ஏறும். உடனே திருப்பி இன்னொரு ஐந்து விநாடி, அவ்வளவுதான், எடுத்துவிட வேண்டும். முதல் தடவை நான் நம் ஊர் வற்றல் மிளகாயை வறுப்பது போல நிதானமாக வறுத்தேன். நாலைந்து இடத்தில் கறுத்தது. பரவாயில்லை என்று அரைத்து ஊற்றினேன். மூன்றரை மணி நேரம் வெந்த இரண்டரை கிலோ கறி, கசப்பு ஏறி, யாராலும் ஒரு கவளத்துக்கு மேல் சாப்பிட முடியவில்லை. கசந்த மிளகாய்க்கு மாற்று மருந்து கிடையாது. சர்க்கரையோ தக்காளியோ அதை மீட்காது. ஒரு மிளகாய் கருகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள்.

வாட்டிய மிளகாயைச் சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சுட்ட தக்காளி, பூண்டு, மசாலா, கால் கப் வினிகரோடு அரைத்து, வடிகட்டியில் தேய்த்து எடுக்க வேண்டும். குவாஹியோ தோல் எவ்வளவு அரைத்தாலும் துணுக்காக நிற்கும். வடிகட்டாவிட்டால் தொண்டையில் ஒட்டும். இந்த விழுதில் கறி முந்தைய இரவே ஊறணும், மறுநாள் மூன்று, மூன்றரை மணி நேரம் வேகணும். அந்தக் காலத்தில் பானை மூடியைச் சுற்றி மக்காச்சோள மாவைப் பூசி ஆவி போகாமல் அடைப்பார்கள். இப்போது அலுமினியத் தாள் அந்த வேலையைச் செய்கிறது.

இத்தனையும் செய்யலாம், தவறில்லை. ஆனால் பிர்ரியாவில் பிழைக்கு இடம் குறைவு. விழுதும் கறியும் முதல் நிமிடத்திலிருந்தே ஒன்று, பிரிக்க முடியாது. விழுது கசந்தால் கறியும் போச்சு, உப்பு கூடினால் அதுவும் கறிக்குள் போய்விடும். இன்னொன்று, கேசபிர்ரியா பரிமாறுவது என்றால் சமைப்பவர் கல்லை விட்டு நகர முடியாது. ஒவ்வொரு தொர்த்தீயாவையும் மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் தோய்த்து, கல்லில் போட்டு, ஓஹாகா பாலாடைக்கட்டியும் கறியும் வைத்து மடித்து, மொறுமொறுப்பாக எடுக்க வேண்டும். ஆறு விருந்தாளிகள், ஆளுக்கு மூன்று, பதினெட்டு டாகோ. அவர்கள் சிரித்துப் பேசும்போது நீங்கள் கல்லோடு நிற்பீர்கள். ஒற்றை ஆளாகச் சமைக்கும் ஒரு மாணவிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மோலே தே ஓயாவுக்கு வருவோம். மோலே என்றதும் பலருக்குச் சாக்லேட் சேர்த்த கெட்டிக் குழம்பு நினைவுக்கு வரும். இது வேறு. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நஹுவாட்லில் 'மோல்லி' என்றால் சாந்து, குழம்பு. குவாக்கமோலேயின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே சொல்தான். ஓயா என்றால் ஸ்பானிஷில் பானை. ஆக, பானைக் குழம்பு. மெக்சிகோவின் நடுப்பகுதியில், குறிப்பாகத் தலைநகரைச் சுற்றி, வீட்டுச் சாப்பாடு என்றால் இது ஒன்று.

எனக்கு இந்தக் குழம்பு மேல் தனிப் பாசம் உண்டு, காரணம் அந்தப் பானைக்குள் இருக்கும் கூட்டம். மாடு பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது. மற்றவை பெரும்பாலும் இந்த மண்ணுக்குச் சொந்தம்: மக்காச்சோளம், மிளகாய், தக்காளி, பிஞ்சுப் பீன்ஸ், கலபசீத்தா என்ற பிஞ்சுச் சுரை போன்ற காய், சயோத்தே. சந்தையில் முதல் தடவை சயோத்தேயைப் பார்த்தபோது நான் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அம்மா கூட்டு வைக்கும் சௌ சௌ! பெங்களூர் கத்திரிக்காய் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் காயின் சொந்த ஊர் இதுதான். 'சயோத்லி' என்ற நஹுவாட்ல் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர்.

புளிப்புக்கு ஷோகோநோஸ்த்லே. நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இனம். சாதாரணக் கள்ளிப்பழம் இனிப்பாக, விதை உள்ளெங்கும் சிதறி இருக்கும். ஷோகோநோஸ்த்லேயில் விதை முழுவதும் நடுவில் உருண்டையாகத் திரண்டிருக்கும், சுற்றியுள்ள கெட்டிச் சதை மாங்காய் போலப் புளிக்கும். தோலைச் சீவி, பாதியாக வெட்டி, விதையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போட வேண்டும். அது குழம்பு முழுவதையும் புளிப்பாக்காது. வாயில் அந்தத் துண்டு வரும்போது மட்டும் சுள்ளென்று ஒரு புளிப்பு. கிடைக்காவிட்டால் தக்காளி போலிருக்கும் புளிப்புக் காயான பச்சைத் தொமாத்தீயோ இரண்டு மூன்று போடலாம், அல்லது சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். புளி கரைத்து ஊற்ற வேண்டாம். நான் செய்து பார்த்தேன். கை தன்னையறியாமல் சாம்பார்ப் பக்கம் இழுத்துப் போகிறது.

செய்முறை இதுதான். எலும்போடு வட்டமாக வெட்டிய கால்கறி ஒன்றரை கிலோ, மூன்றரை லிட்டர் தண்ணீர், பாதி வெங்காயம், நாலு பல் பூண்டு, உப்பு. குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டுச் சூடேற்றினால் சாம்பல் நிறத்தில் நுரை எழும்பும். அதைப் பொறுமையாக வழித்தெடுக்க வேண்டும். பிறகு தீயைக் குறைத்து இரண்டரை மணி நேரம். கொதிக்கிற சத்தம் காதில் விழுந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரி. கறி பாதிக்கு மேல் வெந்தபிறகு நாலு குவாஹியோ, இரண்டு பசீயா (காய்ந்த சிலாகா மிளகாய், கறுப்பாக இருக்கும்), இரண்டு தக்காளி அரைத்து வடிகட்டி, ஒரு கரண்டி எண்ணெயில் நிறம் ஆழமாகும் வரை வதக்கிச் சேர்க்க வேண்டும். அப்புறம் காய்கறி வரிசையாக: முதலில் மக்காச்சோளத் துண்டுகள், பிறகு சௌ சௌவும் ஷோகோநோஸ்த்லேயும், பிறகு பீன்ஸ், கடைசிப் பத்து நிமிடத்தில் கலபசீத்தாவும் ஒரு கொத்து எபசோத்தே இலையும். அந்த இலையின் வாடை முதலில் மண்ணெண்ணெய் போல இருக்கும். பயப்பட வேண்டாம், குழம்பில் அடங்கிவிடும். அது இல்லாத மோலே தே ஓயா எனக்கு ஏதோ குறைந்தாற்போல இருக்கிறது.

முதல் தடவை செய்பவருக்கு இதை நான் சொல்லக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கறி தனியாக வேகிறது, மிளகாய்ச் சாறு தனியாகத் தயாராகிறது. சாற்றைச் சேர்க்கும் முன் ருசி பார்க்கலாம். கசந்தால் ஊற்றாமல் வேறு அரைக்கலாம். பாதி ஊற்றிப் பார்த்து மீதி ஊற்றலாம். கறி வேகவில்லை என்றால் இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கலாம், எதுவும் கெடாது. ஒன்றரை கிலோ கறி, காய்கறி சேர்ந்து ஆறு பேருக்குத் தாராளம். பிர்ரியாவுக்கு அதே ஆறு பேருக்கு இரண்டு, இரண்டரை கிலோ வேண்டும். பரிமாறும்போது ஆளுக்கு ஒரு ஆழமான கிண்ணம், பக்கத்தில் சூடான தொர்த்தீயா, நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை. சமைத்தவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கால்தோ தே ரெஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதே கால்கறி, அதே எலும்பு, மிளகாய் விழுது மட்டும் கிடையாது. முட்டைக்கோஸைப் பெரிய துண்டாக, கேரட், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், கொத்தமல்லிக் கட்டு. செலவு குறைவு, குழந்தைகள் சாப்பிடுவார்கள், சிவப்புச் சாதத்தோடு நன்றாகப் போகும். ஆனால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். மறைத்துக்கொள்ள மிளகாய் இல்லாததால் சாறு சரியாக வர வேண்டும். எலும்பு நல்லதாக இல்லாவிட்டாலோ, தளதளவென்று கொதிக்கவிட்டுக் கலங்கவைத்துவிட்டாலோ காய்கறி வேகவைத்த தண்ணீர் போலத்தான் இருக்கும். நல்லி எலும்பு இரண்டு துண்டு கூடுதலாகப் போடுங்கள்.

எந்தப் பாத்திரம் என்பது இன்னொரு முடிவு. இதில் நான் இருக்கும் ஊரும் அவள் இருக்கும் ஊரும் வேறு வேறு. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குவாதலஹாரா சுமார் 1560 மீட்டர், இங்கே 95 டிகிரி வரும். கால்கறியில் இருக்கும் நாரும் சவ்வும் கரைந்து பசையாக மாறுவதுதான் இந்தக் குழம்புகளின் உயிர், சூடு குறைந்தால் அது மெதுவாக நடக்கும். என் வீட்டில் இரண்டரை மணி நேரத்தில் வேகும் கறி அவள் வீட்டில் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அதனால் அங்கே குக்கருக்கு உண்மையான தேவை இருக்கிறது. ஓயா எக்ஸ்பிரஸ் என்று அழைத்து வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள்.

மோலே தே ஓயாவுக்கும் கால்தோவுக்கும் குக்கர் பொருந்தும். தண்ணீர் நிறைய இருப்பதால் அடிபிடிக்காது. ஐம்பது நிமிடத்தில் கறி வெந்துவிடும், பிறகு மூடியைத் திறந்து காய்கறியைச் சாதாரணமாக வேகவிடலாம். ஒன்றுதான் கவனம்: அழுத்தம் தானாக இறங்கட்டும். ஆவியைச் சட்டென்று வெளியே விட்டால் உள்ளே குழம்பு பொங்கிக் கலங்கிவிடும். பிர்ரியாவைக் குக்கரில் வைப்பவர்களும் உண்டு, ஆனால் கெட்டி விழுது அடியில் பிடிக்கும். தண்ணீரை முன்கூட்டியே அதிகம் ஊற்றினால் பிறகு சுண்ட வைக்க வேண்டியிருக்கிறது. பிர்ரியாவுக்கு நான் கனமான இரும்புப் பாத்திரத்தில் மூடி போட்டு, அவன் அடுப்பில் (oven) 150 டிகிரியில் மூன்றரை மணி நேரம் வைக்கிறேன். சூடு நாலா பக்கமும் சமமாக வருவதால் அடிபிடிக்கும் பேச்சே இல்லை. அவன் அடுப்பு வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே பல வீடுகளில் அது வாணலி அடுக்கி வைக்கும் அலமாரி.

மண்பானை ஆசை வரும், சந்தையில் அவ்வளவு அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மெக்சிகோவின் மெருகிட்ட பாரம்பரிய மண்பாண்டங்களில் காரீயம் (lead) கலந்த மெருகு பூசும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. புளிப்பான பொருள் அதில் வெந்தால் காரீயம் உணவில் இறங்கும். பிர்ரியாவில் வினிகர், மோலே தே ஓயாவில் தக்காளியும் ஷோகோநோஸ்த்லேயும். 'சின் ப்லோமோ', அதாவது காரீயமில்லாதது, என்று உறுதி சொல்லி விற்கும் பானை கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வர் பாத்திரமே போதும், ருசியில் எதையும் இழக்க மாட்டீர்கள்.

கறிக்கடையில் கேட்க வேண்டிய பெயர்கள்: மோலே தே ஓயாவுக்கும் கால்தோவுக்கும் 'சம்பரேத்தே', எலும்போடு வட்டமாக அறுத்த கால்கறி. பிர்ரியாவுக்கு ஒரே வகை போதாது; தோள்பட்டைக் கறியான 'தியெஸ்மீயோ' பிய்த்து டாகோவில் வைக்க, கால்கறியும் விலா எலும்பும் குழம்புக்கு உடம்பு கொடுக்க. கொழுப்பில்லாத கறி மட்டும் வாங்கி மூன்று மணி நேரம் வேகவைத்தால் சக்கைதான் மிஞ்சும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவள், "சரி அத்தை, மோலே தே ஓயாவே செய்யறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் அனுப்பினாள்: செங்கல் நிறச் சாறு, நடுவில் நல்லி எலும்பு, ஓரத்தில் மஞ்சள் வட்டமாக மக்காச்சோளம். சோளம் மட்டும் கொஞ்சம் கடினமாக இருந்ததாம். இங்கே விற்பது நம் ஸ்வீட்கார்ன் இல்லை, மாவுச்சத்து அதிகம். மேலே எழுதிய வரிசைக்குக் காத்திராமல் அதைக் கறியோடு முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்தது நான்தான். சௌ சௌவைப் பார்த்து அவளுடைய புவேப்லா தோழி, "இது உங்க ஊர்லயும் இருக்கா?" என்று கேட்டாளாம், பாட்டியின் கூட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்களாம்.

டிசம்பரில் அவள் வகுப்பிலிருந்து பதினைந்து பேர் கூடுகிறார்கள். இந்தத் தடவை பிர்ரியா. டாகோ வேண்டாம், கிண்ணத்தில் கொன்சொமேயாக, அதாவது சாறாக, ஊற்றிக் கொடு, வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் மேசையில் வை என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து கிலோ கறி, பதினாறு குவாஹியோ, எட்டு ஆன்ச்சோ. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறவைத்து, சனிக்கிழமை வேகவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை மேலே உறைந்திருக்கும் சிவப்புக் கொழுப்பை வழித்துத் தனியே எடுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை மீதிக் கறியும் அந்தக் கொழுப்பும் கல்லும் இருந்தால், அவளுக்கு மட்டும் நாலு கேசபிர்ரியா.